மச்சாளுக்குக் கொண்டுபோன பாதாம் பிஸ்கட்

யாரும் குறை சொல்ல முடியாதபடி எனக்குச் செய்யத் தெரிந்த பண்டம் ஒன்றே ஒன்றுதான். அது எங்கள் ஊர்ப் பண்டம் இல்லை. இத்தாலியின் தெற்கே, பலெர்மோவில், கிறிஸ்மஸுக்கு, எங்கள் பேச்சில் நத்தாருக்கு, செய்யும் பாதாம் பிஸ்கட். வெளியே இலேசாக மொறுமொறுக்கும், உள்ளே மெத்தென்று இருக்கும். கோதுமை மா ஒரு துளியும் கிடையாது. பாதாம், சீனி, முட்டை வெள்ளைக்கரு, எலுமிச்சைத் தோலின் துருவல், அவ்வளவுதான். இந்த பிஸ்கட்டை வைத்து நான் ஒரு மனுசியின் நெஞ்சைப் பிளந்திருக்கிறேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். தெரிந்துதான் செய்தேன்.

பலெர்மோவில் பதினொரு வருடம் ஒரு பணக்காரக் கிழவியின் வீட்டில் வேலை செய்தேன். மார்கழி பிறந்தால் பாதாமைச் சுடுதண்ணீரில் போட்டுத் தோல் உரிப்பது, துடைத்துக் காயவைப்பது, அரைப்பது எல்லாம் என் வேலை. அளவு போடுவது மட்டும் அவள். தராசில் சாமானை வைத்ததும் முள்ளை நான் பார்த்துவிடாதபடி ஒரு துவாயால் மூடுவாள். பிசையும்போது கைக்கு உறை போடச் சொல்வாள். மா வெள்ளையாம், என் கை கறுப்பாம். நானும் இலேசுப்பட்டவள் இல்லை. குப்பை வாளிக்குள் கிடந்த பாதாம் பைகளையும் சீனிப் பைகளையும் எண்ணினேன். இரண்டாம் வருடமே பிடிபட்டுவிட்டது. பாதாம் எவ்வளவோ சீனியும் அவ்வளவு. இதற்குத்தான் அந்தத் துவாய். அவளிடம் நான் அதைப் பழகவில்லை, களவெடுத்தேன். அதனாலோ என்னவோ, யாராவது அந்த பிஸ்கட்டைப் பழித்தால் எனக்குக் கண்மண் தெரியாமல் கோபம் வரும்.

இத்தாலியப் பாஸ்போர்ட் கைக்கு வந்ததும், எங்கள் ஆட்கள் பலரைப் போல நாங்களும் லண்டனுக்கு மாறினோம். என் கணவரின் அக்கா ஈஸ்ட் ஹாமில் இருந்தார். எனக்கு மச்சாள் முறை. முதல் ஏழு மாதம் அவருடைய வீட்டு மேலறையில் இருந்தோம். அந்த ஏழு மாதத்தில் நான் வைத்த கறியில் உப்பு ஒரு நாளும் சரியாக இருந்ததில்லை. நான் கழுவிய கோப்பை ஒரு நாளும் வெளுத்ததில்லை. "இத்தாலிக்காரி" என்றுதான் என்னைக் கூப்பிடுவார். என் பெயர் அவருக்குத் தெரியுமோ என்றுகூட எனக்குச் சந்தேகம். மாமியார் உடைத்தால் மண்குடம் என்பார்கள். எனக்கு மாமியார் இல்லை, அந்தக் குறையை மச்சாள் தீர்த்து வைத்தார். பிறகு லூயிஷாமில் ஒரு சின்ன பிளாட் எடுத்துக்கொண்டு போனோம்.

மச்சாளுக்கு ஒரே மகன். அவனுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, லண்டனில் இருந்த கணவரிடம் வருவதற்காக அவனைச் சித்தப்பா வீட்டில் விட்டுவிட்டு வந்தவர். ஏஜென்சிக்காரன் ஒரு ஆளைத்தான் ஏற்றுவேன் என்றானாம். ஆறு மாதத்தில் கூப்பிடலாம் என்று நினைத்து வந்தவருக்கு விசா கிடைக்கப் பத்து வருடம் ஆகிவிட்டது. அதற்கிடையில் கணவர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். மகனுக்குப் பதினெட்டும் தாண்டிவிட்டது. பதினெட்டுத் தாண்டியவனைப் பிள்ளை என்று கூப்பிட முடியாது என்று குரோய்டனில் இருக்கும் குடிவரவு ஒஃபிசில் சொல்லிவிட்டார்கள். அவன் வன்னியில் நின்றுவிட்டான். 2009 தை மாதம் கடைசியாக ஒரு டெலிபோன் வந்தது. "வாற நத்தாருக்கு உங்களோடைதான் அம்மா" என்றானாம். அதன் பிறகு ஒரு சத்தமும் இல்லை. வைகாசியில் யுத்தம் முடிந்தது. தொலைக்காட்சியில் காட்டிய முகாம்களின் கம்பிவேலிக்குப் பின்னால் நின்ற ஒவ்வொரு முகத்தையும் மச்சாள் எழுந்து கிட்டப் போய்ப் பார்த்தார். காணாமற்போனவர்களைத் தேடித் தரும் இடங்களுக்கெல்லாம் அவனுடைய படத்தோடு கடிதம் போட்டார்.

ஐப்பசியில் என் கணவர் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தார். அவரோடு வேலை செய்த ஒருவரின் உறவுக்காரர் முகாமிலிருந்து தப்பி, ஏஜென்சி மூலம் புதிதாக வந்திருந்தார். அகதி விண்ணப்பத்துக்காக அவரைக் குரோய்டனுக்குக் கூட்டிக்கொண்டு போனது என் கணவர்தான். வரிசையில் நிற்கும்போது கதைவாக்கில் மச்சாளின் மகனுடைய பெயர் வந்திருக்கிறது. "அந்தப் பெடியனோ? அவன் முடிஞ்சான் அண்ணை. கடைசி நாளிலை தண்ணிக் கரையிலை கிடந்தவன். சிவப்புக் கோடு போட்ட சேட்டு" என்றாராம். லண்டனிலிருந்து மச்சாள் அனுப்பிய சட்டை அது. அதைப் போட்டுக்கொண்டு அவன் நிற்கிற படம் எங்கள் எல்லார் வீட்டிலும் இருந்தது.

"அக்காவுக்கு மூச்சுவிடாதையும். நத்தார் முடியட்டும், நானே சொல்லுறன்" என்றார் என் கணவர். சரி என்றேன். உண்மையாகவே எனக்கு அப்போது மச்சாள்மேல் பாவமாகத்தான் இருந்தது.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். நாங்கள் வேதக்காரர், கத்தோலிக்கர், ஆனால் இது எங்கள் பக்கத்தில் சைவக்காரருக்கும் பொது. செத்த வீட்டில் ஒரு வருடத்துக்குப் பலகாரம் சுடமாட்டார்கள். பெருநாள் வந்தால் உறவுக்காரர் சுட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். மற்ற வீடுகளில் பலகாரம் கொண்டுபோன தட்டை வெறுமையாகத் திருப்பித் தருவது மரியாதை இல்லை, ஒரு பிடி சீனியாவது போட்டுத் தருவார்கள். செத்த வீட்டில் மட்டும் வெறுந்தட்டுத்தான். அங்கிருந்து ஒன்றும் எடுத்து வரக்கூடாது. புறப்படும்போது "போட்டு வாறன்" என்றும் சொல்லக்கூடாது, பேசாமல் எழும்பி வந்துவிட வேண்டும்.

அதனால் அந்த வருடம் நத்தார் நெருங்க நெருங்க உறவுக்காரர் எல்லாருக்கும் ஒரே தடுமாற்றம். வன்னியிலிருந்து வந்த வதந்திகள் எல்லாருடைய காதிலும் கொஞ்சம் கொஞ்சம் விழுந்திருந்தன. மச்சாள் இந்த முறை எண்ணெய்ச் சட்டி வைப்பாரா, மாட்டாரா? மச்சாள் வைத்தார். வழக்கத்தைவிடப் பெரிய சட்டியாக வைத்தார். சட்டி வைக்காவிட்டால் மகன் செத்துவிட்டான் என்று அவரே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் அல்லவா?

மார்கழியில் இரண்டாம் சனிக்கிழமை நாங்கள் நாலு பெண்கள் அவருடைய குசினியில் கூடினோம். மற்ற இருவரும் என் கணவரின் ஒன்றுவிட்ட சகோதரர்களின் மனைவிமார். ஆளுக்கொரு பண்டம் என்று கணக்கு. ஒருத்தி முறுக்கு, ஒருத்தி பயற்றம் பணியாரம். நான் பாதாம் மாவை வீட்டிலேயே பிசைந்து டப்பாவில் கொண்டு போயிருந்தேன். ஒவ்வொரு சட்டி இறக்கும்போதும் மச்சாள் முதல் ஈடில் நல்லதாக நாலைந்து பொறுக்கி ஒரு தகர டின்னில் போட்டார். "இது பெடியனுக்கு. வந்து நிண்டானெண்டால் ஆறின பண்டத்தைக் குடுக்க ஏலுமே?" என்றார். நாங்கள் மூன்று பேரும் சட்டியைப் பார்த்தோம்.

அந்த பிஸ்கட்டை உருட்டித் தட்டில் அடுக்கி ஒரு இரவு திறந்தபடி காயவிட வேண்டும். மேலே ஒரு தோல் பிடித்த பிறகுதான் சூட்டில் வைக்கலாம். இரவு அங்கேயே வைத்துவிட்டு விடியப் போடலாம் என்று நினைத்திருந்தேன். மச்சாள் விடவில்லை.

"உதை வைச்சு அடைகாக்க இஞ்சை இடமில்லை. இப்பவே போடு. எனக்கு அடுப்பு வேணும், கேக் போட."

"காயாட்டில் பரவிப்போகும் மச்சாள்."

"போடு எண்டால் போடு. கனக்கக் கதையாதை."

போட்டேன். சொன்ன மாதிரியே நடந்தது. கால்மணி நேரத்தில் எல்லாம் உருகி, ஒன்றோடொன்று ஒட்டி, தட்டு முழுக்க ஒரே அடையாகிவிட்டது. மச்சாள் அதை வெளியே எடுத்துப் பார்த்தார். மற்ற இருவருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினார்.

"பாருங்கோடி, இவவின்ரை கைராசியை! வயித்திலைதான் ஒண்டும் நிக்கேல்லை எண்டு பாத்தால், மாவும் நிக்குதில்லை."

எனக்கு மூன்று முறை கலைந்திருக்கிறது. மூன்றாவது ஆறு மாதப் பிள்ளை. பலெர்மோ ஆஸ்பத்திரியில் அதைத் துணியில் சுற்றி என்னிடம் காட்டினார்கள். இது மச்சாளுக்குத் தெரியும். அந்தக் குசினியில் நின்ற எல்லாருக்கும் தெரியும். ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். மற்றவள் சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்தினாள். மச்சாள் ஒரு கத்தியை எடுத்துத் தட்டைச் சுரண்டி, அத்தனையையும் குப்பைக்குள் தள்ளினார். பிறகு தட்டை என்னிடம் தந்து கழுவச் சொன்னார்.

கழுவினேன். உங்கள் மகன் செத்துவிட்டான் என்ற வசனம் என் தொண்டைக்குழி வரைக்கும் வந்து நின்றது. அதை விழுங்கிக்கொண்டு கழுவினேன். ஆனால் விழுங்கினது செமிக்கவில்லை. பன்னிரண்டு நாள் வயிற்றுக்குள்ளேயே கிடந்தது. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அந்தக் களுக் சிரிப்புக் கேட்டது. என் கணவரிடம் சொன்னேன். "அக்காவின்ரை வாய் அப்பிடித்தான், தெரியும்தானே" என்று சொல்லிவிட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியின் சத்தத்தைக் கூட்டினார்.

இருபத்து மூன்றாம் திகதி நல்ல பாதாமாகத் தேடி வாங்கிவந்தேன். சுடுதண்ணீரில் போட்டு ஒவ்வொன்றாக நசுக்கித் தோலைக் கழற்றினேன். துணியில் பரப்பி ஈரம் போகக் காயவிட்டு அரைத்தேன். உறை போடாத கையால் பிசைந்தேன். உருட்டி, நடுவில் விரலால் அமுக்கி, ஒரு முழுப் பாதாம் பதித்துத் தட்டில் அடுக்கி இரவு முழுக்கக் காயவிட்டேன். விடியச் சுட்டேன். ஒன்றுகூட வெடிக்கவில்லை, ஒன்றுகூடப் பரவவில்லை. பதினொரு வருடத்தில் அப்படி ஒரு ஈடு எனக்கு வந்ததில்லை. கோபத்தில் செய்தால் சமையல் கெடும் என்பதெல்லாம் பொய். நான் அவ்வளவு கவனமாக ஒரு வேலையும் செய்தது கிடையாது.

டப்பாவில் போடவில்லை. ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் அடுக்கி, வெள்ளைத் துணியால் மூடிக் கட்டினேன். செத்த வீட்டுக்கு அப்படித்தான் கொண்டுபோவோம். லூயிஷாமில் டிஎல்ஆர் ரயில் ஏறி, போ சேர்ச்சில் இறங்கி, நடந்து டிஸ்ட்ரிக்ட் லைன் பிடித்தேன். மடியில் தட்டு. திரும்பிப் போக வேண்டும் என்று ஒரு ஸ்டேசனிலும் எனக்குத் தோன்றவில்லை.

மச்சாள் கதவைத் திறந்தார். கையெல்லாம் மா. முகத்தில் ஒரு களை இருந்தது. உள்ளே நத்தார் மரத்தில் சின்ன லைட்டுகள் மின்னின. "வா, வா, வெளியிலை குளிர்" என்று கூட்டிக்கொண்டு போய்க் குசினிக் கதிரையில் இருத்தினார். அடுப்பில் கடைசிச் சட்டி அரியதரம் பொரிந்துகொண்டிருந்தது. தட்டை மேசையில் வைத்தேன். துணியை அவிழ்த்துப் பார்த்தவர் ஒன்றை எடுத்துக் கடித்தார்.

"சோக்காயிருக்கு. உண்மையாச் சொல்லுறன், நல்லாயிருக்கு." மிச்சத்தையும் வாயில் போட்டார். பிறகு சட்டியைப் பார்த்தபடி, "அண்டைக்கு என்ரை வாய் தவறிப்போச்சு. மனசிலை வைச்சிருக்காதை. பெடியனை நினைச்சு நினைச்சு எனக்குத் தலை சரியில்லை, பிள்ளை" என்றார்.

பிள்ளை என்று அவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல்தரம். அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, வெள்ளைத் துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்திருக்கலாம். மச்சாள் என் பிஸ்கட்டுகளை ஒரு டின்னுக்கு மாற்றினார். என்னுடைய தட்டைத் துடைத்து, முறுக்கையும் அரியதரத்தையும் பார்த்துப் பார்த்து அதில் அடுக்கத் தொடங்கினார். பெடியனுக்கு வைத்த டின்னிலிருந்தும் இரண்டை எடுத்து வைத்தார்.

"வேண்டாம் மச்சாள்" என்றேன். "வெறுந்தட்டாத் தாங்கோ."

"என்ன?"

"வெறுந்தட்டாத் தாங்கோ."

இரண்டாம் முறை சொன்னபோது என் குரல் நடுங்கக்கூட இல்லை. இன்றைக்கும் என்னில் எனக்கு அருவருப்பான விசயம் அதுதான்.

மச்சாள் என்னைப் பார்த்தார். பிறகு மேசையில் கிடந்த வெள்ளைத் துணியைப் பார்த்தார். அடுப்பை நிறுத்தினார். தட்டில் அடுக்கியதை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப வைத்தார். அவசரப்படவில்லை. தட்டில் ஒட்டியிருந்த தூளை உடுத்தியிருந்த சட்டையில் துடைத்துவிட்டு இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

"ஆர் கண்டது?"

"இவரிட்டை ஒராள் சொன்னவர். ஐப்பசியிலை."

"ஐப்பசியிலையோ" என்றார். நான் தட்டை வாங்கிக்கொண்டு, போட்டு வாறன் என்று சொல்லாமல் எழும்பி வந்தேன். கதவைச் சாத்தி நாலு வீடு தாண்டும்வரைக்கும் உள்ளேயிருந்து ஒரு சத்தமும் கேட்கவில்லை. ஐந்தாவது வீட்டடியில் கேட்டது. திரும்பாமல் ஸ்டேசனுக்கு நடந்தேன். மனதுக்குள் நிறைவாக இருந்தது. பாவம் என்று ஒரு நினைப்பும் வரவில்லை.

என் கணவர் ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. தை மாதம் மகனுக்காகப் பூசை வைத்தார்கள். சனம் கோயில் கொள்ளாமல் வந்தது. களுக்கென்று சிரித்தவள்தான் எல்லாரையும்விட அதிகமாக அழுதாள். மச்சாள் அழவில்லை. ஒவ்வொரு வருடமும் அவனுக்கென்று வாங்கி வைத்த சட்டைகளைக் கட்டி யாருக்கோ கொடுத்தார். தேடித் தரும் இடங்களுக்கெல்லாம், மகன் இறந்துவிட்டான், இனித் தேட வேண்டாம் என்று தன் கையால் கடிதம் எழுதிப் போட்டார்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் கணவர் குரோய்டனுக்குக் கூட்டிக்கொண்டு போன அந்த மனிதர் எங்கள் பிளாட்டுக்கு வந்தார். பூசை நடந்தது அவருக்கு அப்போதுதான் தெரியவந்ததாம். கதிரை நுனியில் இருந்துகொண்டு, கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் சொன்னார்.

"அண்ணை, நான் முகம் பாக்கேல்லை. குப்புறக் கிடந்தது. சேட்டைக் கண்டுதான் சொன்னனான். பெடியள் ஆளுக்காள் சேட்டு மாத்திப் போடுறவங்கள்தானே. இப்பவும் கனபேரைப் பிடிச்சு வைச்சிருக்கிறாங்கள், பேர் வெளியிலை விடுறாங்களில்லை. பூசை வைக்கிற அளவுக்கு நீங்கள் போவியள் எண்டு நான் நினைக்கேல்லை."

அவர் போன பிறகு என் கணவர் அந்தத் தேத்தண்ணியைக் கொண்டுபோய் ஊற்றினார். திரும்பி வந்து, "நீர்தானே சொன்னனீர். நீரே போய் இதையும் சொல்லும்" என்றார்.

அடுத்த நாள் ஈஸ்ட் ஹாமுக்குப் போனேன். சொல்லத்தான் போனேன், அது சத்தியம். மச்சாள் என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். முன் அறையில் மகனுடைய படத்துக்கு மாலை போட்டு மெழுகுதிரி கொளுத்தியிருந்தார். எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தார்.

"எல்லாரும் எனக்கு முன்னாலை சிரிச்சுக்கொண்டு, பின்னாலை கதைச்சவை. என்ரை தம்பிகூட மறைச்சு என்னைப் பேய்க்காட்டினவன். நீ ஒருத்திதான் எனக்கு உண்மையைச் சொன்னனீ. பதின்மூண்டு வருசத்துக்குப் பிறகு இப்பத்தான் எனக்கு நித்திரை வருது, பிள்ளை" என்றார்.

அவருக்கு நித்திரை கெட்டுவிடும் என்பதற்காக நான் வாயை மூடிக்கொள்ளவில்லை. அப்படி எழுதினால் நான் நல்லவளாகிவிடுவேன். அந்த வீட்டில் முதல்முறையாக எனக்கு ஒரு மரியாதை கிடைத்திருந்தது. என் கையைப் பிடித்துப் பேச ஒரு ஆள் இருந்தது. இப்போது உண்மையைச் சொன்னால் அது போய்விடும். அவ்வளவுதான் காரணம். இரண்டு கோப்பை தேத்தண்ணி குடித்தேன். மகனுடைய படத்துக்கு முன்னால் மச்சாளோடு முழங்காலில் நின்று செபமும் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தபோது என் கணவர் கதவடியிலேயே நின்றார்.

"சொன்னீரோ?"

"சொன்னனான்."

"அக்கா என்ன சொன்னவ?"

"தன்ரை பிள்ளை செத்தது செத்ததுதானாம். இனி ஒருத்தரும், நீங்களும்தான், உந்தக் கதையைத் தன்னட்டைக் கொண்டுவரக் கூடாதாம்."

தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனார். இன்றுவரை அவர் அக்காவிடம் அந்தக் கதையை எடுத்ததில்லை.